கேட்கும் உள்ளம்: சாலமோன் வேண்டிய வரமும் தமிழில் அதன் சொல்லாட்சியும்

1. முன்னுரை

இறைவன்பாற் கொண்ட நம்பிக்கையின் வழியே மெய்யறிவைத் தேடுதல் பல சமயத்தார்க்கும் பொதுவாய கருத்தாகும். ஆயினும், தேடப்பெறும் அறிவு எத்தன்மைத்து, அதனை ஏற்கும் கருவி யாது என்னும் வினாக்களுக்குச் சமய நூல்கள் தரும் விடைகள் ஒரு தன்மையவாக இல்லை. அவ்விடைகள் அனைத்தையும் ஒரே சொல்லாற் குறித்துவிடின் அவற்றிடையுள்ள வேறுபாடு மறைந்துபோதல் இயல்பு. இதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு, இசுரயேல் மன்னன் சாலமோன் கிபியோன் என்னும் ஊரில் இறைவனிடம் வேண்டிய வரம்.

சாலமோன் ஞானம் வேண்டினான், ஞானம் பெற்றான் என்பது தமிழ்க் கிறித்தவர் யாவரும் அறிந்த செய்தி. ஆனால் எபிரேய மூலத்தில், அரசர் முதல் நூலின் மூன்றாம் இயலில், அவன் தன் வாயாற் கேட்ட பொருளின் பெயர் ஞானம் அன்று. ஆண்டுள்ள தொடர் 'லேவ் ஷோமேய' என்பதாம். அதன் நேர்ப்பொருள் 'கேட்கும் உள்ளம்' என்பது. இவ்விரு சொற்களும் மூலத்தில் எப்பொருளில் நின்றன, பிற்கால நூல்களிலும் மொழிபெயர்ப்புகளிலும் எவ்வாறு மாறின, தமிழில் அம்மாற்றம் எவ்விளைவைத் தந்தது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. கிபியோனும் கனவும்

கிபியோன், இன்று எல்-சிப் என வழங்கும் சிற்றூர். எருசலேமுக்கு வடமேற்கே ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1956 முதல் 1962 வரை அமெரிக்க அறிஞர் சேம்சு பிரிட்சார்டு ஈண்டு அகழ்வாய்வு நிகழ்த்தினார். பாறையைக் குடைந்து அமைத்த பெருங்குளமொன்றும், ஊர்ப்பெயர் எபிரேய எழுத்திற் பொறிக்கப்பெற்ற சாடிக் கைப்பிடிகளும் வெளிப்பட்டன. ஊர் இதுவே என்பதற்கு அப்பொறிப்புகள் உறுதி தந்தன. எனினும், அவை சாலமோன் காலத்துக்குப் பிற்பட்டவை. அவன் ஆட்சி கி.மு. 10ஆம் நூற்றாண்டினது என்பர். கனவு நிகழ்ச்சிக்குத் தொல்பொருட் சான்று தேடுதல் பொருந்தாது. நமக்குக் கிட்டுவது நூலுரை ஒன்றே. அரசர் நூல்கள் யோயாக்கின் மன்னன் கி.மு. 561இல் சிறை நீங்கிய செய்தியோடு முடிதலின், அவை இறுதி வடிவம் பெற்றது அதன் பின்னரே என்பது வெளிப்படை. ஆகவே, நாட்டை இழந்து பாபிலோனியரின் கீழ் வாழ்ந்த மக்கள், தம் அரசு எங்ஙனம் தோன்றி எங்ஙனம் கெட்டது என எண்ணிப்பார்த்த காலத்தே இந்நூல் நிறைவுற்றது என்பதை நாம் மறத்தலாகாது.

மன்னர்க்குக் கனவில் தெய்வம் தோன்றுதல் பண்டைக் கிழக்கு நாடுகளில் பரவிய மரபு. எகிப்திய மன்னன் நான்காம் தத்மோசு கனவு கண்ட செய்தி கீசாவிற் சிங்கவுருவின் முன் நாட்டப்பெற்ற கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. எகிப்தியரின் இத்தகைய அரச வரலாற்றுரைகளையும் சாலமோனின் கனவையும் சீகுபிரீடு எர்மான் 1950களின் தொடக்கத்தில் ஒப்பிட்டு ஆராய்ந்தார். சிரியக் கரையிலுள்ள உகாரித்து நகரிற் கிடைத்த களிமண் ஏடுகளில் வரும் கிர்த்தா மன்னன் கதை இன்னும் நெருங்கியது. மனைமக்களை இழந்து அழுது துயின்ற கிர்த்தாவின் கனவில் எல் என்னும் தெய்வம் தோன்றிப் பொன்னும் வெள்ளியும் தருவதாகக் கூற, அவன் அவற்றை மறுத்து மக்கட்பேறு வேண்டினான். செல்வத்தை மறுத்து வேறொன்று வேண்டும் அமைப்பு இரு கதைக்கும் ஒன்றே. ஆயின் கிர்த்தா வேண்டியது தன் குடி தழைத்தற்கு உரியது. சாலமோன் வேண்டியதோ பிறர் குறையைத் தீர்த்தற்கு உரியது. மரபு பொதுவாயினும் வரம் புதிது. அப்புதுமை 'கேட்கும் உள்ளம்' என்னும் தொடரிலேயே தங்கியுள்ளது.

3. உள்ளமும் கேட்டலும்

எபிரேய மொழியில் 'லேவ்' என்பது நெஞ்சுறுப்பை மட்டும் குறியாது. எண்ணுதல், நினைவில் வைத்தல், துணிதல் ஆகிய தொழில்கள் அனைத்திற்கும் அதுவே இடம். நாம் உணர்ச்சிக்கு நெஞ்சையும் அறிவுக்கு மூளையையும் பிரித்துக் கூறும் வழக்கு அவர்க்கில்லை. ஆகலின், சாலமோன் நெஞ்சத்தைக் கேட்டான் என்பதனால் அவன் இரக்க உணர்ச்சியை மட்டும் வேண்டினான் எனக் கொள்ளுதல் கூடாது. அவன் வேண்டியது எண்ணித் துணியும் ஆற்றலையே. அவ்வாற்றலுக்கு அவன் தந்த அடைமொழியே வியப்புக்குரியது. உள்ளத்திற்குச் செவியை உரிமையாக்கினான்.

எகிப்திய அறநூல்களில் இக்கருத்துத் தொன்மையானது. தாகோத்தெப்பு என்னும் அமைச்சர்மேல் ஏற்றிக் கூறப்படும் அறவுரை, கேட்டலின் சிறப்பை விரித்துரைத்து முடிகின்றது. ஒருவனைக் கேட்பவன் ஆக்குவதும் கேளாதவன் ஆக்குவதும் அவன் நெஞ்சமே என்பது அந்நூலின் கொள்கை. எல்முட்டு புரூனர் என்னும் செருமானிய எகிப்தியவியலார் 1954இல் 'கேட்கும் நெஞ்சம்' என்னும் பொருளமைந்த தலைப்பிற் கட்டுரை எழுதி, சாலமோனின் வேண்டுகோளுக்கு எகிப்திய அறிவு மரபில் வேர் உண்டென்று காட்டினார். 1923இல் வெளியான அமெனெமோப்பே அறவுரைக்கும் விவிலிய நீதிமொழிகள் நூலின் ஒரு பகுதிக்கும் (22: 17 முதல்) உள்ள ஒற்றுமையை எர்மன் 1924இல் நிறுவியதனையும் இதனோடு சேர்த்தெண்ணின், இரு நாட்டு அறநெறி மரபுகட்கும் தொடர்பு இருந்தமை தெளிவாகும்.

எனினும், வேர் எகிப்தினதாயின் கிளை இசுரயேலினது. இதனை எபிரேய நூல்களின் உள்ளிருந்தே காட்டலாம். முதலாவது, இணைச்சட்ட நூலின் முதல் இயலில், நடுவர்க்கு மோசே இடும் கட்டளை: சிறியோர் பெரியோர் இருதிறத்தார் உரையையும் ஒப்பக் கேட்டல் வேண்டும், தீர்ப்பு இறைவனுக்குரியது. இரண்டாவது, சாமுவேல் இரண்டாம் நூலில் (14: 17) தெக்கோவா ஊர்ப் பெண்ணொருத்தி தாவீது மன்னன்முன் முறையிடுங்கால், அரசன் நன்மையையும் தீமையையும் கேட்டறிபவன் என்று புகழ்கின்றாள். 'பகுத்தறிதல்' என நாம் எதிர்நோக்கும் இடத்தில் மூலத்தில் நிற்பது கேட்டல் என்னும் வினையே. மூன்றாவது, சாலமோனின் வேண்டுகோளை இறைவன் மீண்டும் எடுத்துரைக்குமிடத்தும் (3: 11) முறையைக் கேட்டற்குரிய நுண்ணறிவு என்றே கூறப்படுகின்றது. இம்மூன்றும் கேட்டல் என்பது வழக்கு மன்றத்துச் சொல் எனக் காட்டுகின்றன. இனி, இறைவனின் சொல்லைக் கேட்க என இசுரயேலரை அழைக்கும் இணைச்சட்ட நூலின் ஆறாம் இயலிலும் இதே வினை முதற்சொல்லாய் வருதலின், இறைவன் சொல்லுக்கு அடங்குதல் என்னும் பொருளும் அதற்கு உண்டு.

எனவே, கேட்கும் உள்ளம் இரு திசையிற் செவி திறந்தது. ஒரு செவி இறைவன் நெறிக்கு. மற்றொரு செவி முறையிடுவார் குரலுக்கு. நம்பிக்கையும் அறிவும் ஈண்டு இருவேறு பொருள்கள் அல்ல. தான் சிறுபிள்ளை, போக்கும் வரவும் அறியேன் என்று மன்னன் தன்னைத் தாழ்த்திக்கொண்ட பின்னரே இவ்வேண்டுகோள் எழுகின்றது. தீர்ப்பு தனக்குரியதன்று, இறைவனுக்குரியது என ஒப்புக்கொள்பவனுக்கே பிறர் சொல்லைக் கேட்கும் பொறுமை வாய்க்கும் என்பது நூலாசிரியரின் கருத்தாதல் வேண்டும்.

4. வழக்கும் தீர்ப்பும்

வரத்தின் பயன் உடனே ஒரு வழக்காற் காட்டப்படுகின்றது. ஒரே வீட்டில் வாழும் இரு பெண்கள்; ஒருத்தியின் குழவி இறந்தது; உயிரோடுள்ள குழவிக்கு இருவரும் உரிமை கூறுகின்றனர். வாளைக் கொணர்க என்ற ஆணையே பலராலும் நினைவிற் கொள்ளப்படுவது. ஆயின் அதற்கு முன் நிகழ்ந்ததே நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது.

முறையிட்டோர் விலைமகளிர் என்று மூலம் வெளிப்படையாகக் கூறுகின்றது. சான்று பகர்வார் எவரும் இலர். பண்டைச் சமுதாயத்தில் இத்தகையோர் சொல்லுக்கு மதிப்பு மிகக் குறைவு. எனினும், அரசவை அவர் உரையை இடைமறியாது கேட்கின்றது. நூலும் அதனைச் சுருக்காது விரித்துத் தருகின்றது. பின்னர் மன்னன் முதற்கண் செய்வது தீர்ப்புக் கூறுதல் அன்று. இவள் இங்ஙனம் சொல்கின்றாள், அவள் அங்ஙனம் சொல்கின்றாள் என இருவர் கூற்றையும் மீண்டும் எடுத்துரைத்தலே (3: 23). கேட்டதைக் கேட்டபடி நினைவில் நிறுத்தினான் என்பதற்கு இஃது அடையாளம். வாளும்கூட ஒரு சூழ்ச்சியே. மறைந்திருந்த உண்மைக் குரலை வெளிப்படுத்திக் கேட்டற்கு அமைத்த கருவி அது. முடிவில் தாயின் குரலே சான்றாயிற்று. இசுரயேலர் அனைவரும் அத்தீர்ப்பைக் கேட்டு, மன்னனிடத்து இறைவனின் ஞானம் இருப்பதைக் கண்டனர் என்று இயல் முடிகின்றது. 'ஹொக்மா' ஆகிய ஞானம் ஈண்டுப் பிறர் கண்டறிந்து கூறும் புகழ்; கேட்கும் உள்ளமோ அவன் வேண்டிய பொருள். முன்னது பயன், பின்னது வித்து.

5. கேளாமையும் கேடும்

சாலமோன் வரலாறு இவ்வளவில் முடியவில்லை. அவனுடைய அறிவு கடற்கரை மணல்போற் பரந்தது என்றும், 3,000 நீதிமொழிகளும் 1,005 பாடல்களும் அவன் இயற்றினன் என்றும், மரஞ்செடிகளையும் விலங்கு பறவைகளையும் பற்றி உரைத்தனன் என்றும் அதே நூல் கூறுகின்றது. கல்வி வளர்ந்தது, கோயில் எழுந்தது, செல்வம் குவிந்தது. ஆயினும், கட்டடப் பணிக்கு மக்களிடமிருந்து கட்டாய உழைப்பு வாங்கப்பட்டது. அரண்மனை உணவுக்காக நாடு 12 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. பதினோராம் இயலில் மன்னனின் 'லேவ்' இறைவனை விட்டு விலகியதாக நூல் கூறுகின்றது. வரமாகப் பெற்ற அதே உள்ளமே விலகியது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

அவன் மகன் இரெகபெயாம் காலத்தே இதன் விளைவு தோன்றிற்று. தந்தை இட்ட நுகத்தை எளிதாக்குக என மக்கள் வேண்டினர். முதியோர் அறிவுரையைத் தள்ளி, உடன் வளர்ந்த இளைஞர் சொல்லை மேற்கொண்ட மன்னன், மக்களின் குரலைக் கேட்கவில்லை. கேளாமையைக் குறிக்கும் அவ்வினை பன்னிரண்டாம் இயலில் 15, 16 ஆகிய அடுத்தடுத்த தொடர்களில் இருமுறை வருகின்றது. அரசன் கேட்கவில்லை எனக் கண்ட அளவிலேயே வடபகுதிக் குடிகள் பிரிந்தனர், நாடு இரண்டாயிற்று. மூன்றாம் இயலிற் கேட்டலால் தொடங்கிய அரசு, பன்னிரண்டாம் இயலிற் கேளாமையால் உடைந்தது. பல்கிய கல்வியும் மரஞ்செடி பற்றிய அறிவும் அவ்வுடைவைத் தடுத்தில. நாடிழந்தோர் நடுவே நிறைவுற்ற இந்நூல் தன் மக்கட்கு உணர்த்தும் படிப்பினை இதுவென்று துணியலாம். வேண்டிய பொருளை வெறும் ஞானம் எனக் கொள்வோர்க்கு இத்தொடக்கமும் முடிவும் ஒன்றோடொன்று பிணைந்தமை புலப்படாது.

6. சொல் மாறிய வரலாறு

இம்மாற்றம் விவிலியத்திற்குள்ளேயே தொடங்கிவிட்டது. பிற்காலத்தெழுந்த குறிப்பேடு இரண்டாம் நூலில் இதே கிபியோன் நிகழ்ச்சி மீண்டும் வருகின்றது. ஆண்டுச் சாலமோன் வேண்டுவது 'ஹொக்மா', 'மத்தா' ஆகிய ஞானமும் அறிவுமே. கேட்கும் உள்ளம் இல்லை. இரு பெண்களின் வழக்கும் அந்நூலில் இடம்பெறவில்லை. அலெக்சாந்திரியச் சூழலிற் கிரேக்க மொழியில் எழுந்த சாலமோனின் ஞானம் என்னும் நூலின் ஒன்பதாம் இயலில், ஞானம் இறைவனின் அரியணை அருகிருக்கும் பெண்ணுருவாய்ப் பாடப்படுகின்றது. வழக்கு மன்றத்துப் பண்பாயிருந்தது, விண்ணுலகப் பொருளாய் உயர்ந்துவிட்டது.

மொழிபெயர்ப்புகளும் பல வழிச் சென்றன. பண்டைக் கிரேக்கப் பெயர்ப்புக் கேட்டலை விடாது காத்தது. எரோணிமுவின் இலத்தீன் பெயர்ப்பு கற்றற்கு இசைந்த நெஞ்சம் என்றது. உலூத்தரின் செருமானியப் பெயர்ப்பு கீழ்ப்படியும் நெஞ்சம் என்றது. 1611இன் ஆங்கிலப் பெயர்ப்பு உணர்ந்தறியும் நெஞ்சம் என உரையில் வைத்து, மூலத்தின் நேர்ப்பொருள் கேட்டலே என ஓரத்திற் குறித்தது. பிற்கால ஆங்கிலப் பெயர்ப்புகளுட் சில பகுத்தறியும் நெஞ்சம் என்கின்றன. இவற்றுள் எதுவும் பிழையன்று. ஒவ்வொன்றும் ஒருபுடை உண்மையைக் காட்டுகின்றது; ஆயின் அடங்குதல், கற்றல், பகுத்தல் ஆகிய மூன்றும் ஒன்றினின்று ஒன்று பிரிந்துவிட்டன. அண்மையில், 2011ஆம் ஆண்டு செருமானிய நாடாளுமன்றத்திற் சட்டத்தின் அடிப்படை பற்றி உரையாற்றிய திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டு, கேட்கும் உள்ளம் என்னும் இத்தொடரையே தம் உரைக்கு மையமாகக் கொண்டார். மூலச் சொல்லின் ஆற்றல் இன்னும் அழியவில்லை என்பதற்கு இது சான்று.

7. தமிழில்

தமிழில் விவிலியப் பெயர்ப்பு தரங்கம்பாடியில் தொடங்கிற்று. சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை 1714–15இல் அச்சிட்டார். பழைய ஏற்பாட்டில் அவர் 1719இல் மறையுங்கால் உரூத்து நூல்வரை பெயர்த்திருந்தார். எஞ்சியவற்றைச் சூல்சு முடித்து 1728க்குள் வெளியிட்டார். பின்னர்ப் பப்ரிசியுசு, பெர்சிவல் ஆகியோர் பெயர்ப்புகள் எழுந்தன. பவர் முதலாயினோர் திருத்திய பெயர்ப்பு 1871இல் முற்றுப்பெற்றது. பலரும் இன்றுவரை ஓதும் இப்பெயர்ப்பில், சாலமோன் வேண்டுவது 'ஞானமுள்ள இருதயம்'. இறைவன் தருவதாகப் பன்னிரண்டாம் தொடரிற் கூறுமிடத்தும் ஞானம் என்னும் சொல்லே உள்ளது. மூலத்தில் வேண்டியதற்கும் பெற்றதற்கும் இடையே நின்ற சொல் வேறுபாடு இவ்வாறு தமிழில் மறைந்தது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு இருதயத்தை உள்ளமாக்கிற்று, ஞானத்தை மாற்றவில்லை.

ஞானம் என்னும் சொல் ஏன் நிலைத்தது? அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் மதுரையில் வாழ்ந்த தெ நொபிலி தம் பெருநூலுக்கு ஞானோபதேசம் எனப் பெயரிட்டார். ஞானஸ்நானம், ஞானப்பாட்டு, ஞானத்தந்தை எனக் கிறித்தவத் தமிழில் இச்சொல் ஆவிக்குரியது என்னும் பொருளில் அடைமொழியாய்ப் பெருகிற்று. சைவ மரபிலோ சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கனுள் ஞானம் முடிநிலை, வீடுபேற்றோடு இயைந்தது. இவ்விரு வழக்கும் கூடியதன் பயனாக, ஞானமுள்ள இருதயம் என்பதைக் கேட்கும் தமிழர், உலகியல் கடந்த உயர்நிலையை எண்ணுவரேயன்றி, வழக்குரைக்க வந்த ஏழைப் பெண்ணின் குரலுக்குச் செவிதரும் அரசனை எண்ணார்.

இதற்கு ஒரு மறுப்புக் கூறலாம். சைவ சித்தாந்த நூல்கள் ஞானத்தின் படிகளாகக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என நான்கு கூறுதலின், ஞானத்துள் கேட்டலும் அடங்குமன்றோ எனின், அடங்கும். ஆயின் ஆண்டுக் கேட்கப்படுவது ஆசிரியன் உரை. ஈண்டுக் கேட்கப்படுவது இறைவன் உரையோடு குடிமக்கள் முறையீடுமாம். ஆதலின் அம்மறுப்பு ஒருபாதியே பொருந்தும்.

தமிழுக்கு இப்பொருளை உணர்த்தும் சொல் இல்லாமல் இல்லை. திருக்குறளிற் கல்வி, கல்லாமை, கேள்வி, அறிவுடைமை என்பன 40 முதல் 43 வரை அடுத்தடுத்து நிற்கும் அதிகாரங்கள். அறிவுக்கு முன்னர்க் கேள்வி வைக்கப்பட்டது. சொல்வார் எவராயினும் கேட்ட சொல்லின் உண்மையை ஆராய்ந்து காண்டலே அறிவுக்கு இலக்கணம் என்பதும், செவிக்கு இனியதல்லாத சொல்லையும் பொறுக்கும் வேந்தனையே உலகம் சாரும் என்பதும் வள்ளுவர் கருத்து. வள்ளுவர் கூறுவது முயன்று பெறும் பண்பு, சாலமோன் பெற்றது இறைவன் தந்த வரம் என்னும் வேறுபாட்டை ஒதுக்குதல் முறையன்று. எனினும், அறிவு செவிவழி வருவது, அதற்கு ஆட்சியில் இடமுண்டு என்னும் அளவில் இரு நெறியும் ஒத்துச் செல்கின்றன. சீகன்பால்கு 1708இல் தொகுத்த தமிழ் நூற்பட்டியலில் திருக்குறள் உண்டு. வீரமாமுனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். கேள்வி என்னும் சொல்லின் அருமையை அக்காலத்து ஐரோப்பியத் தமிழறிஞர் அறியாதவர் எனல் இயலாது. இருந்தும், வழக்கில் ஊன்றிய ஞானமே வென்றது.

இன்னும் ஒன்று கூறுதல் வேண்டும். 'கேள்' என்னும் தமிழ் வினை, செவிமடுத்தல், வேண்டுதல், சொல்லுக்கு அடங்குதல், வழக்கை விசாரித்தல் ஆகிய நான்கு பொருளும் உடையது. எபிரேயத்தில் வேண்டுதலுக்குத் தனிச்சொல் உண்டு. பதினோராம் தொடர் ஒன்றிலேயே அஃது ஐந்துமுறை வருகின்றது. கேட்டற்கு வேறு சொல். தமிழிலோ, கேள் என இறைவன் கூற, கேட்கும் உள்ளத்தை மன்னன் கேட்டான் எனின், நிகழ்ச்சி முழுவதும் ஒரே வினையில் அடங்கிவிடும். கிரேக்கமும் இலத்தீனும் செருமானியமும் பிரித்துப் பங்கிட்டுக்கொண்ட பொருள்களை இத்தமிழ் வினை ஒருங்கே ஏந்த வல்லது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் போந்த உண்மைகள் இவை. சாலமோன் வேண்டியது கேட்கும் உள்ளம். ஞானம் அதன் பயன். அவ்வுள்ளம் இறைவன் நெறிக்கும் குடிமக்கள் முறையீட்டுக்கும் ஒருங்கே திறந்தது. கேட்டல் நின்றபோது, குவிந்த அறிவெல்லாம் இருக்கவும் அரசு உடைந்தது. விவிலியத்தின் பிற்கால நூல்களிலேயே தொடங்கிய சொல் மாற்றம் தமிழில் ஞானம் என்னும் சொல்லால் நிறைவுற்றது. வழக்கில் ஊன்றிய அச்சொல்லை நீக்குக என்பது எம் கருத்தன்று. அதனை ஓதுங்காலும் உரைக்குங்காலும் அதன் அடியில் மறைந்துள்ள செவியை நினைவிற் கொள்ளல் வேண்டும் என்பதே. இறைவனை நம்பி அறிவைத் தேடுவான் ஒருவனுக்குக் கிபியோன் வரலாறு தரும் முதற்பாடம், தன்னினும் எளியார் பேசுங்கால் வாய் அடங்கிச் செவி திறத்தல் என்பது இக்கட்டுரையின் துணிபாகும்.